ஆர்பிஸ்: ஒரு கிலோ கோதுமையை ரோமுக்கு அனுப்ப என்ன செலவு?

ரோமானியக் காலப் பயணத்துக்கு எத்தனை நாள், என்ன செலவு என்று கணக்கிட்டுச் சொல்லும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்பிஸ் தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "ரோமானியர்களின் கூகுள் மேப்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சட்டென்று புரிய வைக்க அது போதும், சரி. ஆனால் அந்த நினைப்போடு உள்ளே போகிறவர் ரோமிலிருந்து லண்டனுக்கு எத்தனை நாள் என்று ஒரு தடவை கேட்பார், வந்த எண்ணைப் பார்த்து வாய் பிளப்பார், நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூடிவிடுவார். நான் கொஞ்ச காலமாகவே இதை நோண்டிக்கொண்டிருக்கிறேன். என் அபிப்பிராயம் இதுதான்: இது தரும் எந்த ஒற்றை எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள், ஒரே கேள்வியை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக் கேட்டு, இரண்டு பதில்களுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். அப்படிப் பயன்படுத்தினால், மனிதர்களும் சரக்கும் ஒரு பெரிய நிலப்பரப்பில் எப்படி நகர்ந்தார்கள் என்பதைக் காட்ட இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

2012-ல் வந்த தளம். பண்டைய வரலாற்றுப் பேராசிரியர் வால்டர் ஷைடலும், கணினியில் வரைபடமும் வலைப்பின்னலும் செய்யத் தெரிந்த எலைஜா மீக்ஸும் முன்னின்று செய்தது. கி.பி. 200 வாக்கில் ரோமானியப் பேரரசு எப்படி இருந்ததோ அந்த நிலையை எடுத்துக்கொண்டு, 600-க்கும் மேற்பட்ட இடங்கள், ஏறக்குறைய 84,600 கிலோமீட்டர் சாலை, 28,000 கிலோமீட்டருக்கு மேல் படகு போகும் ஆறும் கால்வாயும், அப்புறம் நூற்றுக்கணக்கான கடல்வழிகள் எல்லாவற்றையும் ஒரு வலையாகக் கட்டியிருக்கிறார்கள். வரலாற்றுக்காரர் மட்டும் உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது. சாலை எங்கே போனது என்பது தொல்லியல். கடலில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று, அலை எவ்வளவு உயரம் என்பது வானிலைக்காரர்களின் கணக்கு. கூலி என்ன என்பதற்குக் கல்வெட்டு படிக்கத் தெரிய வேண்டும். இவ்வளவையும் சேர்த்த பிறகு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சிக்கனமான வழியைக் கண்டுபிடிக்க எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட கணக்குமுறை. பல துறைகள் சேர்ந்த ஆய்வு என்று விண்ணப்பங்களில் எல்லாரும்தான் எழுதுகிறார்கள், கடைசியில் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி ஒட்டி அட்டை போட்டுவிடுவார்கள். இங்கே ஒரு துறையை உருவினால் மொத்தமும் நின்றுவிடும்.

உள்ளே போனால் புறப்படும் ஊர், சேரும் ஊர், எந்த மாதம், அவசரமா சிக்கனமா குறைந்த தூரமா என்று கேட்கும். சாலை, ஆறு, கரையோரக் கடல், நடுக்கடல் இவற்றில் எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்பதும் உங்கள் கையில்தான். ஊர்ப்பெயர்கள் லத்தீனில் இருக்கும். லண்டனை லோண்டினியம் என்று தேட வேண்டும், லியோனை லுக்டூனம் என்று. முதல் பத்து நிமிடம் இது தொல்லைதான், அப்புறம் பழகிவிடும். பெரிய திரையில் பாருங்கள், வரைபடம்தான் இதன் உயிர்.

தரைவழிக்கு எதில் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். எனக்கு இந்தத் தளத்தில் பிடித்த இடம் இது. மாட்டுவண்டி ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர். தலைச்சுமைக்காரரும் முழுப் பாரம் ஏற்றிய கோவேறு கழுதையும் 20. கைவீசி நடக்கிறவர் 30, வழக்கமான நடையில் போகும் படையும் ஒட்டகச் சாத்தும் அதே 30. குதிரையில் நிதானமாகப் போகிறவர் 56, விரைவு வண்டி 67. கடைசியில் ஆளும் குதிரையும் மாறி மாறி நிற்காமல் ஓடும் அஞ்சல், 250. மாட்டுவண்டியில் மூட்டையை ஏற்றிவிட்டு நீங்கள் நடந்தால், வண்டி ஐந்து நாளில் கடக்கும் தூரத்தை இரண்டே நாளில் கடந்து, மீதி மூன்று நாள் அது வருமா வருமா என்று காத்திருக்க வேண்டும். அரசனின் கடிதம், அரசன், அரசனுக்குச் சாப்பாடு மூன்றும் ஒரே சாலையில் மூன்று வேகத்தில் போயிருக்கின்றன. பேரரசு எவ்வளவு பெரியது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை, எது போகிறது என்று சொன்னால்தான் தூரத்தைச் சொல்ல முடியும்.

இப்போது மாதத்துக்கு வருவோம். ரோமிலிருந்து அலெக்சாந்திரியா என்று போட்டு ஜூலை மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதே இரண்டு ஊரை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடையில் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பாதியில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அடிக்கும். இத்தாலியிலிருந்து எகிப்துக்குப் போகிற கப்பலுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும், திரும்புகிற கப்பலுக்கு முகத்தில் அறையும். இத்தாலியின் புத்தேயோலி துறைமுகத்திலிருந்து கிளம்பி ஒன்பதாம் நாள் அலெக்சாந்திரியா சேர்ந்த ஒருவரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி பெருமையாகக் குறித்துவைத்திருக்கிறார். எகிப்திலிருந்து ரோமுக்குத் தானியம் ஏற்றி வரும் கப்பலுக்கோ ஒரு மாதம் ஆகும், இரண்டு மாதம்கூட ஆகும். காலியாகப் போகும்போது வேகம், பாரத்தோடு வரும்போது ஆமை. ரோம் நகரத்தின் சாப்பாட்டில் ஒரு பெரிய பங்கு இந்தத் திரும்பும் பாதையை நம்பித்தான் இருந்தது. இது புத்தகத்தில் படித்தால் ஒரு வரி, அவ்வளவுதான். ஆர்பிஸில் இரண்டு முறை பொத்தானை அழுத்தி, கோடு வேறு பக்கமாக வளைவதையும் நாள் எகிறுவதையும் பார்த்தால், நைல் நதிப் பக்கம் ஒரு வருடம் விளைச்சல் குறைந்தால் ரோமில் ஏன் கலவரம் வரும் என்பது மண்டையில் ஏறிவிடும்.

குளிர்காலத்தையும் போட்டுப் பாருங்கள். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும் என்று வெகேட்டியுஸ் என்ற பழைய எழுத்தாளர் நாள் குறித்தே சொல்லியிருக்கிறார். ஆர்பிஸ் அப்படி ஒரு தேதியில் கதவைச் சாத்துவதில்லை. அலையின் உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கடல் எங்கே கொந்தளிக்குமோ அங்கே பயணத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது, ஏனென்றால் எல்லாக் கடலும் ஒரே நாளில் கெடுவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கக் கையில் ஒரு நல்ல பயணக் கதை வேண்டுமென்றால், பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்களில் துறைமுகம் துறைமுகமாக இருக்கிறது: செசரியா, சீதோன், சைப்ரஸின் மறைவில் ஒதுங்கி மீறா, அங்கே அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகும் வேறொரு கப்பலுக்கு மாற்றம், எதிர்க்காற்றில் திணறி கிரேத்தா தீவு, பருவம் தப்பிவிட்டது என்று பவுல் சொன்னதைக் கேட்காமல் கிளம்பி, புயலில் மாட்டி, மால்டாவில் கப்பல் உடைந்து, மூன்று மாதம் அங்கேயே முடக்கம். மொத்தம் 276 பேர், கப்பலின் பாரத்தைக் குறைக்கக் கடலில் கொட்டியது கோதுமை. மனிதர்களின் போக்குவரத்து, சரக்குப் போக்குவரத்து என்று நாம் இரண்டு தலைப்பில் பிரித்துப் படிக்கிறோம், இவர்களுக்கு இரண்டும் ஒரே கப்பல். பயணிகளுக்கென்று கப்பல் விட்டவர்கள் அன்று இல்லை, துறைமுகத்துக்குப் போய், உங்கள் திசையில் போகும் சரக்குக் கப்பல் எது என்று விசாரித்து ஏறிக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பயணத்தை ஆர்பிஸில் முதலில் ஜூனிலும் பிறகு அக்டோபரிலும் போட்டுப் பார்த்தால் மாலுமிகள் எவ்வளவு பெரிய சூதாட்டம் ஆடினார்கள் என்பது தெரியும். மூன்று மாத முடக்கத்தை மட்டும் அது காட்டாது. காற்றுக்காகக் காத்திருப்பது, கப்பல் கிடைக்காமல் துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பது, கப்பல் தலைவனின் பேராசை இதெல்லாம் சராசரிக் கணக்குக்குள் வராத சமாச்சாரம். தளத்தைக் கட்டியவர்களும் தனி ஒருவரின் அனுபவத்தைச் சொல்வதாக எங்கும் சொல்லவில்லை, பேரரசின் எலும்புக்கூட்டைத்தான் காட்டுகிறோம் என்கிற மாதிரிதான் விளக்கப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை, தயவுசெய்து படியுங்கள்.

செலவுக் கணக்குதான் எனக்கு நெருடலான இடம், சுவாரசியமான இடமும் அதுவே. பதிலோடு மூன்று விலை வரும்: கழுதை மேல் ஒரு கிலோ கோதுமை, வண்டியில் ஒரு கிலோ கோதுமை, பயண வண்டியில் ஒரு ஆள், எல்லாம் டெனாரியஸ் என்ற ரோமானிய நாணயக் கணக்கில். இந்த விலைகளின் வேர் பேரரசர் டயக்ளீஷியன் 301-ல் போட்ட விலை உச்சவரம்பு ஆணை. பொருள்களின் விலை கட்டுக்கடங்காமல் போனபோது, இதற்கு மேல் யாரும் வாங்கக்கூடாது என்று கல்லில் வெட்டி ஊர் ஊராக நிறுத்திய ஆணை அது. அதில் வண்டிக் கூலிகூட இருக்கிறது. 1,200 ராத்தல் ஏற்றிய வண்டிக்கு ஒரு மைலுக்கு 20 டெனாரியஸ், 600 ராத்தல் சுமக்கும் ஒட்டகத்துக்கு 8, சுமை ஏற்றிய கழுதைக்கு 4, வண்டியில் ஏறும் ஆளுக்கு 2. கடல் கட்டணம் தனியாக, எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு என்று. இதையெல்லாம் வைத்து ஷைடல் போட்ட கணக்கில் கடலில் 1 என்றால் ஆற்றோட்டத்தோடு 5, ஆற்றை எதிர்த்து 10, சாலையில் வண்டி என்றால் 50-க்கும் மேல் வருகிறது. தானியத்தை மத்தியதரைக் கடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கப்பலில் அனுப்புவது, 75 மைல் வண்டியில் இழுப்பதைவிட மலிவு என்று வரலாற்றாசிரியர் ஏ.எச்.எம். ஜோன்ஸ் முன்பே சொன்னதுதான். ஆர்பிஸ் அதை எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே போட்டுப் பார்க்கும்படி செய்துவிட்டது.

நெருடல் எங்கே என்றால், சாலையும் ஊரும் 200-ஆம் ஆண்டுக்கானவை, கூலி 301-க்கானது. நடுவில் நூறு வருடம், அந்த நூறு வருடத்தில் ரோமானிய நாணயத்தில் இருந்த வெள்ளி கரைந்து காணாமலே போய்விட்டது. 200-ல் வாழ்ந்த ஒருவரிடம் போய் இந்த டெனாரியஸ் எண்ணைச் சொன்னால் சிரிப்பார். அதோடு இந்த விலை உச்சவரம்பு, யாரும் உண்மையில் கொடுத்த கூலி என்று சொல்ல முடியாது. சிரியாவில் ஒரு கூலி, பிரிட்டனில் ஒரு கூலி இருந்திருக்கும், இங்கே எல்லா இடத்துக்கும் ஒரே கட்டணம். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். கடல்வழியை அனுமதித்து ஒரு தடவை, தடுத்து ஒரு தடவை என்று ஓட்டினால் நாணயத்தின் மதிப்பு என்னவாக இருந்தாலும் விகிதம் நிற்கும். இன்னொரு சின்னக் குறை: வேகப் பட்டியலில் ஒட்டகம் இருக்கிறது, விலையில் இல்லை. ஆணையிலேயே ஒட்டகக் கூலி தெளிவாக இருக்கும்போது இதை ஏன் விட்டார்களோ. 600 ராத்தலுக்கு 8 என்றால் 1,200-க்கு 16, வண்டிக்கோ 20, ஆக ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். பாலைவனப் பக்கத்து வணிகத்தைப் பார்க்கிறவருக்கு இந்த மிச்சம் பெரிய விஷயம்.

வரைபடத்தை நீட்டிச் சுருக்கிக் காட்டும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை என்று நினைக்கிறேன். ரோமை நடுவில் வைத்துக்கொண்டு, கிலோமீட்டருக்குப் பதிலாகச் செலவை வைத்து மற்ற ஊர்களைத் தள்ளி உட்கார வைக்கும். கடற்கரை ஊர்கள் ரோமின் மடியில் வந்து விழும், உள்நாட்டில் இருக்கும் எல்லைப்புறக் கோட்டைகள் எங்கேயோ போய்விடும். ரைன், டான்யூப் நதிக்கரைகளில் இருந்த படைகளுக்குச் சோறு போடுவது ஏன் அவ்வளவு பெரிய தலைவலி என்று கேட்டால், ஒரு பத்தி எழுதுவதைவிட இந்தப் படத்தைக் காட்டுவது மேல். வகுப்பெடுக்கிறவர்கள் இதை மட்டுமாவது காட்ட வேண்டும்.

சரி, மாற்று என்ன இருக்கிறது? 2025 நவம்பரில் இட்டினர்-இ என்ற தரவுத்தொகுப்பு வந்தது. ஏறக்குறைய கி.பி. 150-ஐ மையமாக வைத்து, பெரிய சாலை சின்னச் சாலை எல்லாம் சேர்த்து 3 லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாக வரைந்திருக்கிறார்கள். ஆர்பிஸில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல். வாயைப் பிளக்கும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அதில் இந்த இடத்தில்தான் சாலை போனது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது 3 சதவீதம்கூட இல்லை, மிச்சமெல்லாம் ஓரளவு ஊகம், கொஞ்சம் முழு ஊகம். எது எந்த வகை என்று துண்டு துண்டாகக் குறித்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆர்பிஸில் கோட்டைப் பார்த்தால் எல்லாம் ஒரே நிச்சயத்தோடு நிற்கிற மாதிரிதான் தெரியும். ஒரு குறிப்பிட்ட மாவட்டத்தின் சாலைகளைத் தோண்டிப் பார்க்கிறவருக்கு இட்டினர்-இ. பேரரசு முழுவதையும் மாதம், காற்று, கூலி வைத்து ஆட்டிப் பார்க்க ஆர்பிஸ்தான், அந்த வேலைக்கு இன்னும் போட்டியில்லை. ரோமானியச் சாலைகளைக் காட்டும் பழைய பியூட்டிங்கர் வரைபடத்தை முக்கிய ஆதாரமாக வைத்து வழி சொல்லும் ஓம்னெஸ்வியே என்றொரு தளமும் உண்டு. பொழுதுபோக்குக்கு அருமை, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நமக்கு வரும் ஏமாற்றம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. இந்தியப் பெருங்கடல் இதில் இல்லை. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போய் வந்த சரக்குக்கான கடன் ஒப்பந்தம். 1985-ல் வெளியானது. ஒரு பக்கத்தில் செங்கடல் துறையிலிருந்து சரக்கை ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து நைல் கரையில் இருக்கும் கோப்டோஸுக்கு அனுப்புவது, அங்கிருந்து ஆற்றில் படகேற்றி அலெக்சாந்திரியா சேர்ப்பது, நாலில் ஒரு பங்கு சுங்கம் என்று வரிசையாக நிபந்தனைகள். மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு, செஸ்டெர்ஸ் என்ற ரோமானிய நாணயத்தில் சுமார் 70 லட்சம் வரும். இந்தப் பயணத்தின் கடைசித் துண்டு, அதாவது நைல் நதியில் இறங்கி அலெக்சாந்திரியா, பிறகு ரோம், இதை ஆர்பிஸில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முந்தைய நெடுந்தூரம், பருவக்காற்றைப் பிடித்துப் போய் அடுத்த காற்றுக்காகக் காத்திருந்து திரும்பும் அந்தப் பாதை, வரைபடத்துக்கு வெளியே. ரோமானியப் பேரரசைப் பற்றிய தளத்தில் இது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். பியூட்டிங்கர் வரைபடத்தை வரைந்தவர்களே கிழக்கு ஓரத்தில் முசிறியைப் போட்டு, பக்கத்தில் பேரரசர் அகுஸ்துவின் கோயில் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆக அவர்கள் மனதில் அது வரைபடத்துக்குள்தான் இருந்தது. அதோடு கூலிக் கணக்கே அங்கே போனால் மாறும். மிளகு, யானைத்தந்தம் மாதிரி பொருளுக்கு வண்டிக் கூலி ஒரு பொருட்டே இல்லை, கோதுமைக்குத்தான் அது உயிர் போகிற விஷயம். எல்லாவற்றையும் ஒரு கிலோ கோதுமையாலேயே அளக்கிற தளத்தில் இந்த வித்தியாசம் தெரியவே வழியில்லை.

யாருக்கு இது உபயோகம் என்றால், வரலாறு சொல்லித்தருகிறவர்கள், ரோமானியக் காலத்துக் கதை எழுதுகிறவர்கள், போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிற மாணவர்கள். கதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: உங்கள் ஆள் பிப்ரவரியில் ரோமிலிருந்து கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்குக் கிளம்புகிறார் என்று எழுதும் முன் இங்கே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆய்வுக்கட்டுரையில் இதன் நாள் கணக்கை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு வழிகளை ஒப்பிட்டு, எந்த மாதம், எந்த வாகனம், நடுக்கடல் உண்டா இல்லையா என்று பக்கத்திலேயே எழுதுங்கள், அப்போதுதான் இன்னொருவர் போட்டுச் சரிபார்க்க முடியும். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். ஒட்டகக் கூலியையும் செங்கடலுக்கு அப்பாலையும் சேர்த்தால் மிச்சத்தையும் கொடுத்துவிடலாம்.